கண்ணாடிக்குள் ஹோலோகிராம்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் லேமினேட்டட் கண்ணாடி பற்றி எழுதியிருந்தேன். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பி.வி.பி. என்கிற பிளாஸ்டிக் ஷீட். ஆட்டோக்ளேவ் என்கிற அழுத்தக் கலத்தில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் மூன்றும் ஒரே பொருளாகிவிடும், உடைந்தாலும் சில்லு சிதறாது. கடைசிப் பத்தியில், ‘நடுவில் ஹோலோகிராம் ஃபிலிமையும் வைக்கலாம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. லேமினேஷன் கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். இந்த ஃபிலிமிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: வானவில் நிறம் அடிக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிமை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஆட்டோக்ளேவுக்கு அனுப்பினோம். வெளியே வந்தபோது குமிழி இல்லை, சுருக்கம் இல்லை. ஆனால் வானவில்லையும் காணோம்! எங்கே போயிற்று, மேடம்? (உள்ளலங்காரப் பணி செய்யும் வாசகர்)

எங்கேயும் போகவில்லை. நிரம்பிவிட்டது.

நீங்கள் வாங்கியது எம்போஸ் ஹோலோகிராம். அதன் ஒரு பக்கத்தில் மிக நுண்ணிய மேடு பள்ளங்கள் வரிவரியாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரம் வரி அளவில். அந்த வரிகளில் பட்டுத்தான் வெள்ளை ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது. ஆனால் அந்த வரி ஒளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இந்தப் பக்கம் பிளாஸ்டிக், அந்தப் பக்கம் காற்று என்று வித்தியாசம் இருக்க வேண்டும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பிளாஸ்டிக்குக்கு ஏறக்குறைய 1.5. பி.வி.பி.க்கு 1.48. சூட்டில் இளகிய பி.வி.பி. பள்ளங்களுக்குள் இறங்கி நிரப்பிவிட்டால், ஒளியைப் பொறுத்தவரை அங்கே பள்ளமே இல்லை. காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி விடுகிறதே, அதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஆட்டோக்ளேவ் தேவையில்லை. ஃபிலிமின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சொட்டு கிளிசரின் வைத்துப் பாருங்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.47, பி.வி.பி.க்கு மிக அருகில். சொட்டு இருக்கும் இடத்தில் வானவில் அணைந்தால், கண்ணாடிக்குள்ளும் அணையும். இந்த ஒரு சொட்டுச் சோதனையைச் செய்யாமல் ரோல் கணக்கில் ஃபிலிம் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது, வரிகளின் மேல் பூச்சு உள்ள ஃபிலிம். அலுமினியப் பூச்சு என்றால் வானவில் பளீரென்று நிற்கும், ஆனால் கண்ணாடியின் மறுபக்கம் தெரியாது. மறுபக்கமும் தெரிய வேண்டும் என்றால் ஜிங்க் சல்ஃபைடு போன்ற, ஒளிவிலகல் எண் 2.3க்குப் பக்கத்தில் உள்ள பூச்சு. அடையாள அட்டைகளின் மேல் ஒளி ஊடுருவும் ஹோலோகிராம் இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்த வகைப் பூச்சுதான்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: வரிகள் எந்த லாக்கரில், அதாவது எந்தப் பிசின் பூச்சில், அச்சிடப்பட்டவை? சூட்டில் இளகும் லாக்கர் என்றால், எந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த வரிகள் உருவாயினவோ கிட்டத்தட்ட அதையே மறுபடி கொடுத்து நாமே மழுங்கடித்துவிடுவோம். புற ஊதா ஒளியில் இறுகிய லாக்கர் தாங்கும்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 532 நானோமீட்டர் பச்சை லேசரில் ஃபோட்டோபாலிமர் ஃபிலிமில் ஹோலோகிராம் பதிவு செய்தோம். லேமினேட் செய்த பிறகு பச்சை, மஞ்சள் கலந்த பச்சையாகிவிட்டது, பிரகாசமும் குறைந்துவிட்டது. சூட்டில் ஃபிலிம் கெட்டுவிட்டதா? (பாலிமர் துறை மாணவி)

சூட்டின் மேல் பழி போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால் ஒரு மாதம் வீணானது.

உங்களுடையது எம்போஸ் இல்லை. ஃபிலிமின் தடிப்புக்குள்ளேயே அடுக்கடுக்காகப் பதிவான வகை. லேசர் ஒளி பிரகாசமாக விழுந்த இடத்துக்கு மோனோமர், அதாவது இன்னும் பாலிமராக இறுகாத சிறு மூலக்கூறுகள், நகர்ந்து போய் இறுகிக்கொள்ளும். இருட்டாக இருந்த இடத்தில் குறையும். இப்படி ஒளிவிலகல் எண் கூடியும் குறைந்தும் வரும் அடுக்குகள் உருவாகின்றன. 532 நானோமீட்டர் ஒளியை நேராகத் திருப்பி அனுப்ப, அடுக்குகளின் இடைவெளி 177 நானோமீட்டர் இருக்க வேண்டும்: 532ஐ 2ஆலும், பிறகு ஃபிலிமின் ஒளிவிலகல் எண்ணான 1.5ஆலும் வகுத்துப் பாருங்கள். 16 மைக்ரான் தடிப்புள்ள ஃபிலிம் என்றால் உள்ளே சுமார் 90 அடுக்குகள்.

இப்போது அந்த ஃபிலிம் வெறும் 5 சதவீதம் உப்பினால் என்ன ஆகும்? இடைவெளியும் 5 சதவீதம் கூடும், நிறம் 559 நானோமீட்டருக்கு நகரும். நீங்கள் பார்த்த மஞ்சள் கலந்த பச்சை! சுருங்கியிருந்தால் நீலத்தின் பக்கம் போயிருக்கும். ஆக உங்கள் ஃபிலிம் எதையோ குடித்து உப்பியிருக்கிறது. எதைக் குடித்தது?

பி.வி.பி. ஷீட்டைக் கையில் எடுத்தால் ரப்பர்போல வளைகிறதே, அதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். சூடானதும் அது பக்கத்தில் இருப்பதற்குள் ஊறும். பக்கத்தில் இருப்பது கண்ணாடி என்றால் போக வழியில்லை. ஃபோட்டோபாலிமர் என்றால் அதற்குக் கதவு திறந்த வீடு.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு கீறலால். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தொகுதி கண்ணாடிப் பலகைகள் இதேபோல் நிறம் மாறி வந்தன. 140 டிகிரியை 130 ஆக்கினோம், 120 ஆக்கினோம்; நிறம் அசையவில்லை, ஒட்டுதல்தான் கெட்டது. பிறகு யாரோ சொல்லி, ஃபிலிமுக்கும் பி.வி.பி.க்கும் நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம் ஒன்றைத் தடுப்பாக வைத்தோம். பச்சை பச்சையாகவே வந்தது. ஒரு பலகையில் மட்டும் நடுவே தலைமுடி போல ஒரு மஞ்சள் கோடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தடுப்பு ஃபிலிமில் அதே இடத்தில் ஒரு கீறல். எண்ணெய் அந்தக் கீறல் வழியாக இறங்கித் தன் பாதையைத் தானே வரைந்து காட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு சூட்டைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது: ஃபோட்டோபாலிமரின் ஒரு பக்கம் அதன் சொந்த அடித்தளம் இருக்கும், திறந்திருக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு பாலியெஸ்டர் தடுப்புக் கொடுங்கள். அடித்தளமே எண்ணெயைத் தடுக்கும் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது பிளாஸ்டிசைசர் சேராத பாலியூரித்தேன் ஷீட்டை ஒட்டுப்பொருளாக எடுங்கள். நகர்வு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத் தெரிந்துவிட்டால், அதைக் கழித்துப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் லேமினேஷனுக்கு முன்னும் பின்னும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். ‘கொஞ்சம் மஞ்சளாக இருந்தது’ என்று நோட்டில் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அதற்கு அர்த்தமே இருக்காது.

இந்த வித்தை புதிதல்ல, ஒரு சின்ன இடைச்செருகல்: 1891இல் காப்ரியேல் லிப்மன் இதே அடுக்கு முறையில்தான், லேசர் இல்லாமல், வண்ணப் புகைப்படம் எடுத்தார், 1908இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். அவருடைய ஜெலட்டின் தகட்டை நனைத்தால் நிறம் போய்விடும், காய்ந்தால் திரும்பி வரும். உங்கள் ஃபிலிம் குடித்தது எண்ணெய், அது குடித்தது தண்ணீர்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை டிகிரி, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்? (கண்ணாடிப் பட்டறை நடத்துபவர்)

சரி. வழக்கமான பி.வி.பி. லேமினேஷனுக்கு 135 முதல் 145 டிகிரி செல்சியஸ், 12 முதல் 14 பார் அழுத்தம். சூடேற்றி, நிறுத்தி, குளிர வைக்க மொத்தத்தில் சில மணி நேரம். குளிரும்போது 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை அழுத்தத்தை இறக்காதீர்கள். அவசரப்பட்டால் அடங்கிய காற்றெல்லாம் குமிழியாக எழும்பும். உங்கள் ஹோலோகிராம் ஃபிலிம் இந்தச் சூட்டைத் தாங்குமா என்பதை அதைத் தயாரித்தவரின் தாளில் பாருங்கள். தாங்காது என்றால் குறைந்த சூட்டிலேயே ஒட்டும் இ.வி.ஏ. என்கிற பிளாஸ்டிக் ஷீட், வேக்குவம் அடுப்பு, ஆட்டோக்ளேவே வேண்டாம்.

நீங்கள் கேட்ட எண்கள் அவ்வளவுதான். இனி, கேட்காததைச் சொல்கிறேன். ஆட்டோக்ளேவ் கதவை மூடும்போது உங்கள் பலகையின் தலையெழுத்து ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும், அடுக்கும் அறையில்.

வெறும் பி.வி.பி. என்றால் சின்னத் தூசியை அது விழுங்கிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. ஃபிலிமுக்கு அடியில் அதே தூசி ஒரு கூடாரக் கம்பு மாதிரி ஃபிலிமைத் தூக்கி நிறுத்தும். சுற்றிலும் நிறம் வளையும், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே தெரியும். எங்கள் அறையில் பஞ்சுத் துணி, ஸ்வெட்டர், அட்டைப் பெட்டி மூன்றும் உள்ளே வரக் கூடாது. ஃபிலிமின் காப்புத் தாளை உரிக்கும்போது மின்னூட்டம் உண்டாகி அறையில் இருக்கும் தூசியை எல்லாம் தானே கூப்பிடும். உரிக்கும் இடத்தில் அயனிக் காற்று ஊதியை வைத்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

அடுத்தது ஈரம். பி.வி.பி. ஷீட் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். அறை 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 25 முதல் 30 சதவீதம். இதில் விட்டுக்கொடுத்தால் ஒட்டுதல் குறையும், குமிழி வரும். கண்ணாடி கழுவும் தண்ணீர் உப்பு நீக்கியதாக இருக்கட்டும். உப்பு படிந்தாலும் ஒட்டுதல் போகும்.

அப்புறம் காற்று. பி.வி.பி. ஷீட்டின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பது காற்று வெளியேறுவதற்கான வழி; மிச்சம் இருக்கும் கொஞ்சம் காற்று அழுத்தத்தில் பி.வி.பி.க்குள்ளேயே கரைந்துவிடும். பாலியெஸ்டர் ஃபிலிம் காற்றைக் கரைத்துக்கொள்ளாது. ஆக மேலே ஒரு ஷீட், கீழே ஒரு ஷீட் என்று இரண்டு 0.38 மி.மீ. பி.வி.பி.க்கு நடுவில் ஃபிலிமை வைக்கும்போது, காற்று எடுக்க வேண்டிய பரப்புகள் இரண்டிலிருந்து நான்காகின்றன. அதோடு அந்தச் சொரசொரப்பு ஃபிலிமில் பதிந்து ஆரஞ்சுத் தோல் போலத் தெரிவதும் உண்டு; ஆகவே சொரசொரப்பு குறைந்த ஷீட்டாகக் கேளுங்கள். குறைந்த எண்ணிக்கையில் செய்பவர் என்றால் ரோலரைவிட வேக்குவம் பையை நம்புங்கள். ரோலர் ஃபிலிமைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி ஓரத்தில் ஒரு சுருக்கமாகக் கொண்டு சேர்க்கும்.

வளைந்த கண்ணாடி பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஒரே திசையில் வளைந்தது என்றால் முயலுங்கள். கிண்ணம் போல இரண்டு திசையிலும் வளைந்தது என்றால், ஃபிலிம் நீண்டு கொடுக்காது, ஓரத்தில் மடிப்பு விழும். என் முதல் மூன்று முயற்சிகளும் குப்பைக்குத்தான் போயின.

கேள்வி: நேராகப் பார்த்தால் பச்சை, சாய்ந்து பார்த்தால் நீலப்பச்சை. வாங்கியவர் குறை என்கிறார். குறையா?

இல்லை. சாய்ந்து பார்க்கும்போது அந்த அடுக்குகள் குறைந்த அலைநீளத்தையே திருப்பி அனுப்பும். மயிலிறகிலும் நீலச் சாயம் கிடையாது, நுண்ணிய அடுக்கமைப்புதான்; திருப்பினால் நிறம் மாறும். வாங்கியவரிடம் ஒரு மயிலிறகைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கார் முன்கண்ணாடியில் வேகம், வழி எல்லாம் காட்டும் ‘ஹெட்-அப் டிஸ்ப்ளே’க்கு ஹோலோகிராம் எதற்கு? கண்ணாடியே பிரதிபலிக்குமே? (வாகனப் பொறியியல் மாணவர்)

பிரதிபலிக்கும். அதுதான் தொல்லை. கண்ணாடியின் உள்பரப்பு ஒரு படம் காட்டும், வெளிப்பரப்பு இன்னொரு படம் காட்டும். ஓட்டுநருக்கு எண்கள் இரட்டையாகத் தெரியும். வழக்கமான தீர்வு, மேலே தடித்துக் கீழே மெலிந்த ஆப்பு வடிவ பி.வி.பி. ஷீட். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி சாய்வைக் கணக்கிட்டிருப்பார்கள்.

ஹோலோகிராம் செய்வது வேறு வேலை. படு கோணமும் மீள் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த விதி கண்ணாடிப் பரப்புக்குத்தான். ஹோலோகிராமுக்குள் பதிந்த அடுக்குகளை நாம் விரும்பிய சாய்வில் வைக்கலாம். ஒளி அந்தச் சாய்வுக்கு ஏற்பத் திரும்பும். படம் ஓட்டுநரின் கண்ணுக்கு வரும், கண்ணாடிப் பரப்பின் பிரதிபலிப்பு வேறு எங்கோ போகும். குறிப்பிட்ட நிறத்தின் குறுகிய பட்டையை மட்டும் பிடிப்பதால் சாலை கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். கிட்டத்தட்ட என்று ஏன் சொல்கிறேன் என்றால், பச்சையை எடுத்துக்கொண்டால் மிச்சம் வரும் ஒளியில் ஒரு துளி இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் தெரியும்.

போர் விமானங்களின் காட்சித் திரைகளில் இது முன்பே வந்துவிட்டது. அங்கே டைக்ரோமேட் ஜெலட்டின் என்கிற, ஒளி உணரும் ஜெலட்டினில் பதிவு செய்தார்கள். ஜெலட்டின் ஈரம் பட்டால் அழிந்துவிடும் என்பதால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் அடைத்தார்கள். அங்கே கண்ணாடி, ஹோலோகிராமைக் காப்பாற்ற வந்த உறை. நாம் இப்போது கண்ணாடியின் வழக்கப்படி ஹோலோகிராமை வாழச் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் வந்த தகராறுகள் பெரும்பாலும் அதனால் வந்தவைதான்.

கேள்வி: புற ஊதா ஒளியில் இறுகும் பசையை வைத்து வீட்டிலேயே ஒட்டலாமா?

எம்போஸ் ஃபிலிம், பூச்சு உள்ளது என்றால் சின்ன அளவில் ஒட்டலாம். ஃபோட்டோபாலிமர் என்றால் வேண்டாம்: பசை இறுகுவதற்கு முன் திரவ மோனோமர்; மேலே சொன்ன எண்ணெயைவிட வேகமாக உள்ளே இறங்கும். ஒட்டும் படலமாக வரும் ஒளியியல் பசை ஷீட் நல்லது. எப்படி ஒட்டினாலும் அது அலங்காரப் பொருள்தான். பாதுகாப்புக் கண்ணாடி என்று கதவிலோ கைப்பிடிச் சுவரிலோ மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஓரம்வரை ஃபிலிம் இருந்தால்தான் அழகு என்கிறார் எங்கள் வடிவமைப்பாளர். நீங்கள் ஓரத்தை விடச் சொல்கிறீர்கள். ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, ஓரம் திறந்திருந்தால் ஈரம் ஃபிலிமின் அடுக்குகளுக்கு நடுவில் ஏறும். அலுமினியப் பூச்சு என்றால் அரித்து, பளபளப்பு போய், ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே வரும். ஃபிலிமைச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டினால், ஓரத்தில் பி.வி.பி.யும் பி.வி.பி.யும் நேராக ஒட்டி முத்திரை வைத்துவிடும்.

இரண்டாவது, உடையும்போது நடப்பது. பி.வி.பி. கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஃபிலிமுக்கு உள்ளே லாக்கர், பூச்சு, அடித்தளம் என்று பல அடுக்குகள். அவற்றில் எது பலவீனமோ அங்கே கழன்றுகொள்ளும். எல்லாம் சேர்ந்து முழுப் பலகையும் இரண்டு தோலாகப் பிரிந்தால், பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. வெறும் லேமினேட்டட் கண்ணாடிக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி ஃபிலிம் வைத்த கண்ணாடியை விற்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். ஃபிலிம் சேர்ந்தால் அது வேறு பொருள். மோதல் சோதனையை மறுபடி செய்யத்தான் வேண்டும். குறைந்தபட்சம் ஒரு துண்டை இரண்டு மணி நேரம் கொதிநீரில் போட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இன்னொரு துண்டை மைனஸ் 18 டிகிரியில் உறைய வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். எந்த அடுக்கு கழல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஹோலோகிராம் ஃபிலிமுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டா? (முதல் வருட மாணவர்)

உண்டு, தம்பி. நல்லவேளை, அடுக்குவதற்கு முன்னால் கேட்டீர்கள்.

பூஞ்சாடி பதிந்த ஒரு பலகையை நாங்கள் திருப்பி வைத்து லேமினேட் செய்துவிட்டோம். வெளிச்சம் அடித்துப் பார்த்தால் சாடி இருந்தது. ஆனால் புடைத்திருக்க வேண்டிய வயிறு குழிந்திருந்தது, பின்னால் இருந்த இலை முன்னால் வந்து நின்றது. ஹோலோகிராமைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் ஆழம் தலைகீழாகும். ஆட்டோக்ளேவிலிருந்து வந்த பிறகு பிரிக்க வழியில்லை. அந்தக் குழிவயிற்றுச் சாடி வெகுநாள் எங்கள் அறைச் சுவரில் சாய்ந்து நின்றது.

அதற்கப்புறம் ரோலில் இருந்து வெட்டும்போதே, பார்வையாளர் பக்கத்துக் காப்புத் தாளில் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிடுவோம். சிவப்பு டேப் இருக்கும் தாளைக் கடைசியாகத்தான் உரிக்க வேண்டும், உரிக்கும்போது அது மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். நீங்களும் ஒரு ரோல் சிவப்பு டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.